திணை மாறும் இடத்தைக் கண்டறிவது எப்படி?

1994-இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டுகளின் இதழ்களையும் வானொலிப் பதிவுகளையும் படிக்கும்போது, கொலைக்கு மொழி எப்படி நியாயம் தேடியது என்பதைக் கண்டறிய, பள்ளியில் படித்த திணை இலக்கணமே கைகொடுக்கும்.

முதலில் பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டு, தமிழில் ஒரு வினையோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘துட்சிகள் வந்தார்கள்’ உயர்திணை. அந்த இதழ்களும் வானொலியும் துட்சிகளை அழைத்த ‘கரப்பான்’ என்ற பெயரை வைத்துச் சொன்னால், ‘கரப்பான்கள் வந்தன’ அஃறிணை. ருவாண்டா மக்கள் பேசும் கின்யர்வாண்டா மொழியிலும் இது காதில் விழும்: மக்களைச் சுட்டும் ‘அபா’ என்ற முன்னொட்டு ‘அபாடுட்சி’யில் உண்டு, கரப்பானைக் குறிக்கும் ‘இன்யென்சி’யில் இல்லை.

அடுத்து, இன்யென்சி என்ற அந்தச் சொல் முதலில் யாரைச் சுட்டியது, பிறகு யார்வரை நீண்டது என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் விஷயம் பிடிபடுவது இங்கேதான். 1960-களில் எல்லை தாண்டி வந்து தாக்கிய துட்சி ஆயுதக் குழுவினருக்கே இன்யென்சி என்று பெயர். 1990 அக்டோபரில், பெரும்பாலும் புலம்பெயர்ந்த துட்சிகளைக் கொண்ட ஆயுத அமைப்பான ருவாண்டா தேசபக்த முன்னணி உகாண்டாவிலிருந்து படையெடுத்தபோது அது அவர்கள்மேல் ஏறியது. 1993-இன் தொடக்கத்தில் துட்சி வெறுப்பைப் பரப்பிய ‘கங்குரா’ இதழ், கரப்பான் வண்ணத்துப்பூச்சியை ஈனாது என்று எழுதியபோதோ, தொட்டில் குழந்தையும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது. போராளிகளை மட்டுமே ஏசினோம் என்ற சமாதானம் அந்தத் தேதிக்குப் பிறகு செல்லாது.

பிறகு வினைச்சொற்களைக் கவனியுங்கள். பெயரில் எச்சரிக்கையாக இருப்பவர்கள் வினையில் அகப்பட்டுக்கொள்வார்கள். கொல்வதற்கு அங்கே வழங்கிய சொல் ‘வேலை’. ‘உமுகாண்டா’ என்ற ஊர்ப்பொதுப் பணிக்குக் கருவிகளோடு போய்ப் பழகியவர்களிடம் ‘வேலைக்கு வாருங்கள்’, ‘புதரை வெட்டுங்கள்’ என்றாலே போதுமானதாக இருந்தது.

வாய்ச்சண்டையில் ஒருவர் இன்னொருவரை நாய் என்பதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தால் ஆய்வு நீர்த்துப்போகும். எனவே, சொல்லுக்குப் பின்னால் அதிகாரமும் ஆட்களைப் பிரித்தெடுக்கும் பதிவும் உள்ளனவா என்று பாருங்கள். ருவாண்டாவில், 1930-களில் பெல்ஜிய நிர்வாகம் புகுத்திய அடையாள அட்டையில் இனம் குறிக்கப்பட்டிருந்தது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் கேட்கப்பட்டது அந்த அட்டைதான்.

கடைசியாக, உங்கள் குறிப்புகளை 2003 டிசம்பரில் தான்சானியாவின் அருஷாவில், ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் வழங்கிய ஊடக வழக்குத் தீர்ப்போடு ஒப்பிடுங்கள். துட்சி வெறுப்பை ஒலிபரப்பிய ஆர்டிஎல்எம் வானொலியின் நிறுவனர்களில் இருவரும் கங்குராவின் ஆசிரியரும் தண்டிக்கப்பட்ட அவ்வழக்கில், இன்யென்சி என்பது யாரைச் சுட்டியது என்பதை நீதிபதிகளும் ஆராய வேண்டியிருந்தது.