டியூப் ஆம்ப்பில் வால்யூமும் பவரும்: எதை எவ்வளவு திருப்புவது?

டியூப் ஆம்ப் என்பது டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வுகளால் (டியூப் என்பதும் இதுவே) கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். பவர் சுவிட்சில் கை வைப்பதற்கு முன் ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா? இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, சுருளின் இன்சுலேஷனோ வால்வு சாக்கெட்டோ பொசுங்கிவிடும். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இதைத் தாங்கும். டியூப் ஆம்ப் தாங்காது. ஓம் அளவும் ஒத்துப்போக வேண்டும். 8 ஓம் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) என்றால் ஆம்ப்பின் ஓம் செலக்டரும் 8-இல் இருக்க வேண்டும். 16 ஓம் கேபினட் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டாலும் 8 ஓம்தான். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே மாதிரி ஜாக்கில் முடிவதால் பலர் மாற்றிச் செருகிவிடுகிறார்கள். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் கரன்ட்டைத் தாங்காது.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் என்றால் அது 120 வோல்ட்டுக்கானதா என்று பின்பலகையில் பாருங்கள். நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸோடு நின்றால் அதிர்ஷ்டம். போதுமான வாட் கொண்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

ஸ்டாண்ட்பை சுவிட்ச் (ஹீட்டர் எரியும்போதே வால்வுகளுக்கான உயர் வோல்டேஜை நிறுத்தி வைப்பது) இருக்கும் ஆம்ப்பில் முதலில் பவர் மட்டும் போடுங்கள். ஒரு நிமிடம் வால்வுகளுக்குள் இருக்கும் ஹீட்டர் சூடாகட்டும், பிறகு ஸ்டாண்ட்பையிலிருந்து வாசிக்கும் நிலைக்கு மாற்றுங்கள். பத்து நிமிட இடைவேளைக்கு ஸ்டாண்ட்பை போதும். மணிக்கணக்கில் அப்படியே விடாதீர்கள். கரன்ட் ஓடாமல் ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் வால்வுக்குள் எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடு மெல்லக் கெடும். நீண்ட இடைவேளை என்றால் முழுதாக அணைத்துவிடுங்கள். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் போன்ற ஆம்ப்களில் இந்த சுவிட்சே இல்லை. அது குறையல்ல.

இனி வால்யூம். டியூப் ஆம்ப்பில் அந்தக் குமிழ் சத்தத்தை மட்டும் மாற்றுவதில்லை, டோனையும் மாற்றுகிறது. மார்ஷல் ஜேசிஎம் 800-இன் 100 வாட் மாடலான 2203-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் ப்ரீஆம்ப் வால்யூம், மாஸ்டர் வால்யூம் என்று இரண்டு உண்டு. முதலாவது, சிறிய ஈசிசி 83 வால்வுகளை எவ்வளவு முடுக்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, அங்கே உருவான சிக்னலில் பெரிய ஈஎல் 34 வால்வுகளுக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை. மாஸ்டரை 0-இலும் ப்ரீஆம்ப்பை 4-இலும் வைத்துத் தொடங்கி, மாஸ்டரை மயிரிழை மயிரிழையாக ஏற்றுங்கள். 0-க்கும் 2-க்கும் நடுவே சத்தம் சட்டென்று பாயும். க்ளீன் டோன் வேண்டுமா, ப்ரீஆம்ப்பை இறக்கி மாஸ்டரை ஏற்றுங்கள். குறைந்த சத்தத்தில் கரகரப்பு வேண்டுமா, அப்படியே தலைகீழ்.

ஆனால் மாஸ்டர் 1-இல் கேட்கும் கரகரப்பு ஈர்க்குப்போல மெலிந்திருக்கும். பெரிய வால்வுகளும் ஸ்பீக்கரும் உழைக்கவில்லை. சத்தம் குறைந்தால் நம் காதுக்கும் பேஸ் குறைவாகத்தான் கேட்கும். அதனால் வீட்டில் பிடித்துப்போன செட்டிங்கை மேடைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். வாசிக்கப்போகும் சத்தத்தில் வைத்தே பேஸ், ட்ரெபிளைச் சரிசெய்யுங்கள். மாஸ்டர் 6-ஐத் தாண்டினால் சத்தம் அதிகம் ஏறாது, டிஸ்டார்ஷன்தான் கூடும். அப்போது தாழ்ந்த ஸ்வரங்கள் குழையும், பேஸைக் குறைத்தால் இறுகும்.

மாஸ்டர் இல்லாத பழைய ஆம்ப்களில், மார்ஷல் 1959 சூப்பர் லீட் போன்றவற்றில், ஆம்ப்பை ஏற்றி வைத்துவிட்டு கிட்டாரின் வால்யூமால் ஆளுவதுதான் வழி. 10-இல் கரகரக்கும் அதே டோன் 5-க்கு இறக்கினால் தெளிந்துவிடும். இந்தப் பழக்கம் எந்த டியூப் ஆம்ப்புக்கும் நல்லது.

சில ஆம்ப்களில் வாட்டைப் பாதியாக்கும் அரை-பவர் சுவிட்ச் உண்டு. அதைப் பற்றித்தான் பெரிய தவறான எண்ணம். 100 வாட்டை 50 ஆக்கினால் சத்தம் பாதியாகாது, 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது 10 வாட். படுக்கையறைக்காக அந்த சுவிட்சை நம்பாதீர்கள். கொஞ்சம் முன்னதாகவே கரகரப்பு வரவழைக்க அது உதவும். பெரிய வால்வுகள் இயங்கும் முறையைப் பென்டோடிலிருந்து ட்ரையோடுக்கு மாற்றும் வகை என்றால் ட்ரெபிளும் சற்று மழுங்கும்.

உண்மையாகவே சத்தத்தை இறக்க, ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் (பவரில் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கும் பெட்டி) வையுங்கள். ஓம் பொருந்த வேண்டும். முழுதாக ஏற்றிய ஆம்ப் தன் வாட் அளவைத் தாண்டியும் வெளியிடும் என்பதால் 100 வாட் ஆம்ப்புக்கு 100 வாட் அட்டென்யுவேட்டர் போதாது. அதிகமாக அடக்கினால் டோன் மங்கும். வெளியே சத்தம் குறைந்தாலும் வால்வுகள் முழு வேகத்தில் உழைக்கின்றன, அவை தேய்வது குறையாது.

வாசிக்கும்போது பெரிய வால்வுகளைக் கவனியுங்கள். கண்ணாடியில் நீல ஒளி தெரிந்தால் கவலை வேண்டாம். உள்ளே சாம்பல் நிறத் தகடே சிவந்து கனன்றால் உடனே அணையுங்கள். பயாஸ் (வால்வில் ஓடும் அடிப்படைக் கரன்ட்டின் அமைப்பு) தவறியிருக்கலாம், வால்வு கெட்டிருக்கலாம். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸ் மட்டும் போடுங்கள். மறுபடி போனால் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், அது உயிரை எடுக்கும். டியூப் ஆம்ப் பழகிய டெக்னீஷியனிடம் கொடுங்கள்.