லாபம் கூடியும் பங்கு விலை இறங்குகிறதே, ஏன்? எழுதிப் பார்த்துப் புரிந்துகொள்வோம்

காலாண்டு முடிவு வருகிறது. லாபம் கூடியிருக்கிறது. பங்கு விலையோ சரிகிறது. சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்பும் இடம் இதுதான். இனி வரப்போகும் லாபத்தை உத்தேசித்துச் சந்தை முன்பே விலை போட்டுவிடுகிறது. ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதிப் பார்த்தால் விளங்கிவிடும்.

படி 1: போன லாபம்

நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இ.பி.எஸ்., அதாவது ஒரு பங்குக்கான லாபம். காலாண்டு அறிக்கையிலேயே இருக்கும், வகுக்கும் வேலைகூட இல்லை. கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டுங்கள். 40 என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: வரப்போகும் லாபம்

அடுத்த 12 மாதங்களுக்கு அனலிஸ்ட்கள் (கம்பெனிகளை ஆராய்ந்து கணிப்புச் சொல்பவர்கள்) சொல்லும் இ.பி.எஸ். மதிப்பீடுகளின் சராசரியைக் குறியுங்கள். 50 என்போம். பக்கத்தில் தேதியும் வேண்டும். மாதாமாதம் இந்த எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் நமக்கு முக்கியம். தேதி இல்லாவிட்டால் அது தெரியாது.

படி 3: விலையைப் பிரித்துப் பார்ப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். பங்கு விலை இ.பி.எஸ். போல எத்தனை மடங்கு என்பதுதான் பி.இ. பங்கு விலை 1,000 என்றால், போன லாபத்தின்படி பி.இ. 25, வரப்போகும் லாபத்தின்படி 20. அதாவது, எதிர்பார்க்கும் லாபத்தை பி.இ.யால் பெருக்கினால் விலை.

இப்போது மதிப்பீடு 10 சதவீதம் கூடி 55 ஆகிறது. அதே சமயம் வட்டி விகிதம் ஏறுகிறது. கடன் பத்திரத்திலேயே நல்ல வட்டி கிடைக்கும்போது பங்குக்கு 20 மடங்கு கொடுப்பானேன் என்று சந்தை நினைக்க, பி.இ. 16க்கு இறங்குகிறது. 55 × 16 = 880. லாப எதிர்பார்ப்பு கூடியும் விலை 12 சதவீதம் போய்விட்டது! தலைகீழாகவும் நடக்கும்: மதிப்பீடு 45க்கு இறங்கி, பி.இ. 24க்கு ஏறினால் விலை 1,080.

படி 4: முடிவு வெளியாகும் நாள்

வந்த லாபத்தைப் போன வருட லாபத்தோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். முந்தைய நாள் மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். நிலத்தை விற்று வந்த ஒருமுறை வருமானம் இருந்தால் கழித்துவிடுங்கள். அப்புறம், அடுத்த காலாண்டு பற்றி நிர்வாகம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். விலை பல சமயம் அதற்குத்தான் ஆடுகிறது.

மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது என்ற செய்தியைக் கண்டு மயங்க வேண்டாம். அனலிஸ்ட்கள் வருடத் தொடக்கத்தில் தாராளமாகச் சொல்லிவிட்டு, முடிவு நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டே வருவது வழக்கம். தாண்டுவதற்கு உயரம் அவ்வளவாக இருக்காது. ஆண்டு லாப அறிக்கையில் உள்ள சேதியில் பெரும்பகுதி, அறிக்கை வருவதற்கு முன்பே விலையில் ஏறிவிடுகிறது என்று கணக்கியல் ஆய்வாளர்கள் ரே பால், பிலிப் பிரவுன் இருவரும் 1968இலேயே காட்டியிருக்கிறார்கள்.

படி 5: மொத்தச் சந்தை

இதே கணக்கைப் பல கம்பெனிப் பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் சந்தைக் குறியீட்டுக்கும் போடலாம். அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு 2009 மார்ச் 9 அன்று 676 புள்ளிகளில் அடிமட்டம் தொட்டது. நிதி நெருக்கடியால் கடைசி நான்கு காலாண்டு லாபம் சுருங்கிப்போயிருந்ததால், அதை வைத்துக் கணக்கிட்ட பி.இ. அந்த வருடம் 100ஐத் தாண்டியது. படி 1ஐ மட்டும் எழுதி வைத்திருந்தவருக்கு அது கொள்ளை விலையாகத் தெரிந்திருக்கும். குறியீடோ லாபம் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு, அந்த வருடத்தை 1,115 புள்ளிகளில் முடித்தது.