இரட்டைப் பிணைப்பு உள்ள ஹைட்ரோகார்பனுக்குப் பெயரிடுவது எப்படி?

ஆல்கேன்களுக்கு (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்கள்) பெயரிடத் தெரிந்தால் ஆல்கீன்களில் (இரட்டைப் பிணைப்பு உள்ளவை) பாதி வேலை முடிந்த மாதிரிதான். எண்ணிடும்போது இரட்டைப் பிணைப்புக்கே முன்னுரிமை, கிளைகளெல்லாம் அதற்கப்புறம்தான் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் இதை வரையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கார்பன்.

●–●=●–●–●

இடமிருந்து நான்காவது புள்ளியில் ஒரு மெத்தில் தொகுதியை (CH₃, ஒரு கார்பன் கொண்ட கிளை) சேருங்கள்.

படி 1: சங்கிலி

இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களும் அடங்கிய மிக நீண்ட சங்கிலியைத் தேடுங்கள். இங்கே ஐந்து கார்பன்கள், ஆகவே 'பென்ட்'. ஈற்றில் 'ஏன்' போய் 'ஈன்' வரும். (வேதிப் பெயரிடல் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபிஏசியின் 2013 பரிந்துரைகள், இரட்டைப் பிணைப்பு வெளியே நின்றாலும் நீளமான சங்கிலியையே எடுக்கச் சொல்கின்றன. அதன்படி 2-எத்தில்பியூட்-1-ஈன் என்பது 3-மெத்திலிடீன்பென்டேன் ஆகிவிடும். தொடக்கத்திலேயே இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

படி 2: எண்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். வலமிருந்து எண்ணினால் மெத்திலுக்கு 2 கிடைக்கிறது, ஆனால் இரட்டைப் பிணைப்பு 3-இல் தொடங்குகிறது. இடமிருந்து எண்ணினால் இரட்டைப் பிணைப்புக்கு 2, மெத்திலுக்கு 4. இதுதான் சரி. இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களில் சிறிய எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே எண் வந்தால்தான் கிளையைப் பார்க்க வேண்டும். 2-மெத்தில்பியூட்-2-ஈன் அப்படிப்பட்டது, அதை 3-மெத்தில் என்று எழுதினால் தவறு.

படி 3: சேர்த்து எழுதுதல்

நம் சேர்மம் 4-மெத்தில்பென்ட்-2-ஈன். பழைய புத்தகங்களில் 4-மெத்தில்-2-பென்டீன் என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஈத்தீன், புரப்பீன் இரண்டுக்கும் எண்ணே வேண்டாம்.

இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் ஈறு 'டையீன்'. இயற்கை ரப்பரின் அடிப்படை அலகான ஐசோப்ரீனின் முறையான பெயர் 2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன். எண்களுக்கு நடுவே காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே சிறு கோடு.

வளையமாக இருந்தால் இரட்டைப் பிணைப்பின் கார்பன்களே 1, 2. கிளைக்குச் சிறிய எண் வரும் திசையில் சுற்றுங்கள்: 3-மெத்தில்சைக்ளோஹெக்சீன்.

படி 4: சிஸ்ஸா, டிரான்ஸா?

இரட்டைப் பிணைப்பு சுழலாது. நம் சேர்மத்தில் அதன் இரு கார்பன்களிலும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் உண்டு. அவை ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். இதைப் பெயருக்கு முன்னால் சேர்க்க வேண்டும்: டிரான்ஸ்-4-மெத்தில்பென்ட்-2-ஈன். இரண்டில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருந்துவிட்டால், பியூட்-1-ஈனில் இருப்பதுபோல, இந்தப் படியே தேவையில்லை.