எஸ்டீம் புராஜெக்ட் காருக்கு எந்த இன்ஜின்: கம்பெனி செட்டிங்கா, முழு டியூனிங்கா?

மாருதி எஸ்டீம் 2007-ல் நின்றுபோனது. எடை குறைவு, பாகம் இன்னும் கிடைக்கிறது, கைக்கு எட்டும் விலை என்பதால் புராஜெக்ட் கார் (பழைய வண்டியை வாங்கி நம் விருப்பப்படி மாற்றிக் கட்டுவது) என்றதும் பலர் இதைத்தான் தேடுகிறார்கள். வண்டி வந்து நின்றதும் முதல் கேள்வி எழும்: இருக்கிற 1.3 லிட்டர் இன்ஜினைக் கம்பெனி அளவுக்கே புதுப்பிப்பதா, இல்லை ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பிஸ்டன் எல்லாம் மாற்றி முழு டியூனிங் செய்வதா?

எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று ஆரம்பித்தால் பதில் தப்பாகத்தான் வரும். வண்டி எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) அதிக நேரம் ஓடப்போகிறது என்று கேளுங்கள். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசியால் தெளிக்கும்) எஸ்டீம் கம்பெனியிலிருந்து 85 குதிரைசக்தியோடு வந்தது. டர்போ இல்லாத 1.3 லிட்டரில் டார்க், அதாவது திருப்புவிசை, பெரிதாக ஏறாது. டியூனிங் என்ன செய்கிறது என்றால், அதே அளவு டார்க்கை இன்னும் மேலே, 7000-க்கு அப்பாலும் விடாமல் பிடித்து வைக்கிறது. 105 நியூட்டன் மீட்டர் டார்க்கை 7500 ஆர்பிஎம்மில் பிடிக்க முடிந்தால் கணக்குப்படி 110 குதிரைசக்தி. அந்த எண் 7500-ல்தான் இருக்கிறது. 3500-க்குக் கீழே, பெரிய கேம் (வால்வை அதிகமாக, அதிக நேரம் திறப்பது) போட்ட இன்ஜின் பழைய இன்ஜினைவிட மந்தமாகவே இழுக்கும். கோவை அவினாசி ரோடு சிக்னலில் முதல் கியரில் நகர்கிறவருக்கு அதனால் லாபமில்லை. செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற ரேஸ் டிராக்கில் ஆர்பிஎம் ஊசியை மேலேயே வைத்து ஓட்டுகிறவருக்கு அது நியாயமான பேரம்.

முதலில் கையில் இருப்பதை அளக்கவும்

எதையும் வாங்குமுன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை, பிளக் துளையில் கேஜ் மாட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கவேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிப்பு, ஆக்சிலேட்டர் முழு மிதி, பேட்டரி முழு சார்ஜ். புதிய இன்ஜினில் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ அளவு வரும். 12-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ இன்ஜின் இறக்கவேண்டியதுதான். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

தேய்ந்த இன்ஜினுக்கு மேல் டியூனிங் பாகம் பூட்டுவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமான தவறு. பழைய ரிங்கோடு பெரிய கேம் போட்டால் புகைதான் அதிகமாகும்.

கம்பெனி அளவுக்குப் புதுப்பிப்பது

பலர் இதை இளப்பமாகப் பார்க்கிறார்கள். ஒழுங்காக அளந்து கட்டிய கம்பெனி செட்டிங் இன்ஜின், தேய்ந்துபோன இன்ஜினோடு ஒப்பிட்டால் வேறு வண்டி போலவே ஓடும்.

போரைக் குறுக்கும் நெடுக்குமாக, மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில் அளக்கவும். கோணலோ சரிவோ 0.10 மி.மீ. தாண்டினால் ரீபோர், அதாவது போரைக் குடைந்து பெரிதாக்கவேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என இரண்டு அளவில் வரும். பிஸ்டனை வாங்கிய பிறகே பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரர் பிஸ்டனை அளந்து, 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளி வைத்து ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்து இழைப்பது) செய்யவேண்டும். 'ரீபோர் அடித்தால் பவர் ஏறும்' என்று சொல்வார்கள். 74 மி.மீ. போர் 74.5 ஆனால் 1298 சி.சி. வெறும் 1316 ஆகிறது. பதினெட்டு சி.சி.யில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கட்டை வைத்து பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. நுழைந்தால் ஃபேசிங், அதாவது பரப்பைச் சீவிச் சமன் செய்வது, தேவை. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், எல்லா ஆயில் சீலும் புதிது போடவும். ஆயில் பம்ப்பைத் திறந்து பார்க்காமல் பூட்டாதீர்கள். வேலை முடிந்ததும் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி, ஆயில் சூடான பிறகு 4000 ஆர்பிஎம்மில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று உறுதி செய்யவும்.

முழு டியூனிங்: எங்கே கணக்கு தப்புகிறது

கம்ப்ரஷன் விகிதத்திலிருந்து தொடங்குவோம்: பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்துக்கும் மேலே வந்ததும் மிச்சமிருக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம் அது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.7 சி.சி. கம்பெனி விகிதம் 9:1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 40.6 சி.சி. 10.5:1 வேண்டுமானால் அது 34.2 ஆகவேண்டும். ஹெட்டை ஃபேசிங் அடித்தே கொண்டுவரலாம் என்பார்கள். 0.1 மி.மீ. சீவினால் அதிகபட்சம் 0.43 சி.சி. குறையும். 6.4 சி.சி. குறைக்க 1.5 மி.மீ. சீவவேண்டும், அவ்வளவு சீவினால் ஹெட்டின் பலமே போய்விடும். 1 மி.மீ. சீவினாலும் 10:1-ஐத் தொடாது. ஆகவே 10.5 என்றால் தலை உயர்ந்த பிஸ்டன்தான் வழி. இன்னொன்று: ஹெட் கீழே இறங்கினால் கேமுக்கும் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் அடித்தண்டு) தூரம் குறைந்து கேம் டைமிங் பின்தங்கும். சரிசெய்ய அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேம் புல்லி வேண்டும்.

பெரிய கேம் போட்டால் வால்வு பிஸ்டனை இடிக்காதா என்று கட்டாயம் பார்க்கவும். பிஸ்டன் தலையில் களிமண் போல மிருதுவான பிளாஸ்டிசினை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு கழற்றி, வால்வு அழுத்திய இடத்தின் கனத்தை அளக்கவும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்சாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்கிற அவசரம் வேண்டாம். இடித்தால் வால்வு அங்கேயே வளையும்.

அடுத்தது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 75.5 மி.மீ. 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர், 8000-ல் 20 மீட்டர். ராடு போல்ட்டை இழுக்கும் விசையோ ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுகிறது: 6000-லிருந்து 8000-க்குப் போனால் ஏறத்தாழ 1.8 மடங்கு. பழைய போல்ட்டைத் திரும்பப் போட்டால் அது நீண்டு, பேரிங் தளர்ந்து, ஒருநாள் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். 7000-க்கு மேல் போகிற எண்ணம் இருந்தால் பலமான ராடு போல்ட், வலுவான வால்வு ஸ்பிரிங், சம்ப்புக்குள் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) தடுப்புத் தகடு மூன்றும் கட்டாயம். தடுப்பு இல்லையென்றால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்.

கம்பெனி ஈசியூவையே (இன்ஜினை இயக்கும் கணினி) வைத்து ஓட்டுவது பாதி வேலை. இன்டேக் மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தத்தை வைத்துப் பெட்ரோல் அளக்கும் ஈசியூ, பெரிய கேமின் ஐடிலிங்கில் வேக்கம் குறைவதைப் பார்த்து வண்டி சுமை இழுக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பிளக் கருக்கும், புகைச் சோதனையில் தேறாது. புரோகிராம் செய்யக்கூடிய ஈசியூ, வைட்பேண்ட் சென்சார் (காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது), டைனோவில் (உருளைமேல் வண்டியை ஓட்டிப் பவர் அளக்கும் கருவி) ஒரு நாள் என்று பட்ஜெட்டில் தனியாக எழுதிக்கொள்ளவும்.

பெட்ரோலையும் பாருங்கள். பங்க்கில் வருவது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதை முழுதாக எரிக்கக் காற்று குறைவாகவே தேவை, ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் சுமார் 13.5-க்கு இறங்குகிறது. கார்புரேட்டர் வண்டி அப்படியே விட்டால் லீனாக, அதாவது பெட்ரோல் பற்றாமல், ஓடும். மெயின் ஜெட்டின் (பெட்ரோல் வரும் துளை) பரப்பு 8 சதவீதம், அதாவது விட்டம் 4 சதவீதம் கூட்டவேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜினில் இக்னிஷன் முன்தள்ளி இருந்தால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டனின் ரிங் பள்ளங்களுக்கு இடையே விரிசல் விடும். அதிக வேகத்தில், எக்சாஸ்ட் சத்தத்தில் அந்த நாக்கிங் காதுக்குக் கேட்காது என்பதுதான் ஆபத்து.

புதிய கேம் போட்ட இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் விடாதீர்கள். கேமிலும் ராக்கரிலும் முன்பே அசெம்பிளி பேஸ்ட் தடவி, 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டி, உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றவும்.

மூன்றாவது வழி

சாலையில் ஓட்ட நல்ல பிக்கப் மட்டும் வேண்டுமானால், சின்ன இன்ஜினைப் பிழிவதைவிட அதே குடும்பத்தின் பெரிய இன்ஜினைக் கம்பெனி செட்டிங்கில் வைப்பதே எங்கள் தேர்வு. பலேனோவில் வந்த 1590 சி.சி. ஜி16பி 94 குதிரைசக்தி தரும். அந்த எண் சின்னதுதான், ஆனால் டார்க் 130 நியூட்டன் மீட்டர், அதுவும் கீழேயே வந்துவிடும். ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்பதால் பிளாக் உயரம். பானட் இடைவெளி, எக்சாஸ்ட் பைப், வயரிங் மூன்றையும் முன்கூட்டியே அளந்து பார்க்கவும்.

எந்த இன்ஜின் மாற்றினாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். ஆர்டிஓவிடம் முதலில் அனுமதி வாங்கி, புதிய இன்ஜின் நம்பரை ஆர்சியில் (பதிவுச் சான்று) ஏற்றவேண்டும். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். டிராக்குக்கு மட்டும் என்று கட்டுகிற வண்டியை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.

முழு டியூனிங்கையே தேர்ந்தால், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இன்ஜினில் போடாமல் ஒதுக்குங்கள். கிளட்ச், ரேடியேட்டர், முன் பிரேக் பேட், கிட்ட அமைந்த கியர் விகிதம், ஒரு சீசன் முடிந்ததும் மறுபடி இறக்கிப் பார்க்கும் செலவு எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒதுக்க முடியவில்லையென்றால் 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.