கொல்லைப்புறத்தில் சுடுவதற்குச் சத்தம் குறைந்த ஏர் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மெரினா கடற்கரையில் பலூன் சுடும் கடைக்கு அருகில் நின்றவர்கள், அங்கே எழும் ‘பட்’ என்ற சத்தம் துப்பாக்கியிலிருந்து வருவதாகவே நினைத்திருப்பார்கள். குறி தப்பிய சூட்டைக் கவனித்தால் உண்மை புரியும்: ‘தப்’ என்று ஒரு மந்தமான ஒலி மட்டும் எழுந்து அடங்கிவிடும். கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பது பலூன்தான். வீட்டுக் கொல்லையில் சுட்டுப் பழக, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது; ஏனென்றால் அடுத்த வீட்டுக்காரர் காதில் விழுவது பெரும்பாலும் துப்பாக்கியின் சத்தம் அன்று, ரவை (அதில் போடும் சிறு குண்டு) போய் மோதும் இடத்தின் சத்தம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் (பெட்டியில் .177 என்று அச்சிட்டிருப்பார்கள்) ரவை குழலை விட்டு வெளியேறும்போது உள்ள ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். .22 என்று குறிக்கப்படும் 5.5 மில்லிமீட்டர் குழல், ஆற்றல் குறைவாக இருந்தாலும், இந்த விலக்குக்குள் வராது. துப்பாக்கியின் ஒலியைக் குறைப்பதற்கென்று செய்யப்பட்ட துணைக்கருவிகளை விதிகள் மிகக் கடுமையான பிரிவில் வைத்திருப்பதால், இணையத்தில் தனியாக விற்கப்படும் சைலன்சரை வாங்கிக் குழல் முனையில் திருகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். கொல்லைக்கு வரும் கிளியையும் மயிலையும் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே நாம் பேசுவது அட்டையில் அச்சிட்ட குறியைச் சுடுவதைப் பற்றி மட்டுமே.

ஏர் ரைஃபிளின் சத்தம் ஓரிடத்திலிருந்து வருவதன்று. குழல் முனையில் திடீரென விடுபடும் காற்று ஓர் ஒலி. உள்ளே பாயும் பிஸ்டனும் அதிரும் ஸ்பிரிங்கும் இன்னோர் ஒலி. ரவை ஒலியின் வேகத்தைக் கடந்தால் சாட்டையடி போன்ற ஒரு வெடிப்பு. கடைசியாக, ரவை மோதும் ஒலி. இவற்றில் எது எவ்வளவு என்பது துப்பாக்கியின் வகையையும் திறனையும் பொறுத்தது.

திறனைப் பற்றித்தான் விற்பனைப் பெட்டிகள் அதிகம் ஏமாற்றுகின்றன. ‘நொடிக்கு 1200 அடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது 366 மீட்டர். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 349 மீட்டர் என்பதால், அந்த வேகத்தில் போகும் ரவை வழியெல்லாம் வெடித்துக்கொண்டே போகும். ஆனால் 20 ஜூல் என்ற வரம்பை வைத்துக் கணக்கிட்டால், 0.51 கிராம் எடையுள்ள சாதாரண ஈய ரவை நொடிக்கு 280 மீட்டரைத்தான் எட்ட முடியும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவை ரவையை வைத்து அளந்ததாக இருக்கும். ஆகவே சத்தம் குறைய வேண்டுமென்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, செலவில்லாத வேலை, இலேசான ரவைகளை ஒதுக்கிவிட்டு 0.5 கிராமுக்குக் குறையாத ஈய ரவையை வாங்குவதே. டப்பாவில் எடையைக் கிரெயினில் குறித்திருந்தால் 7.9 கிரெயின் என்பது 0.51 கிராம். பிபி எனப்படும் உருண்டை இரும்புக் குண்டுகள் வேண்டவே வேண்டாம். ஈயம் மோதினால் நசுங்கும், இரும்புக் குண்டு திரும்பி வரும்.

கொல்லைக்கு எவ்வளவு திறன் தேவை? ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பயன்படும் துப்பாக்கிகள் ரவையை நொடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஆற்றல் எட்டு ஜூல் அளவை ஒட்டியே இருக்கும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் சுடுவதும் இந்த அளவுத் திறனில்தான். அந்தக் குறியின் நடுவட்டம் அரை மில்லிமீட்டர். பத்து, பதினைந்து மீட்டர் நீளமுள்ள கொல்லைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ஜூல் தாராளம் என்பது என் கருத்து. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு ஜூலும் சத்தமாகவும் ஆபத்தாகவும்தான் வீட்டுக்குள் வரும்.

இனி வகைகள். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. இதில் ஒரு முறைக்கு வேண்டிய காற்று மட்டுமே அழுத்தப்படுவதால் குழல் முனையில் எழும் ஒலி குறைவு. ஆனால் கன்னத்தைக் கட்டையில் பதித்துச் சுடுபவருக்கு ஸ்பிரிங்கின் அதிர்வு எலும்பு வழியாகவே காதுக்குப் போவதால் இது பெரிய சத்தமாகத் தோன்றும். பத்தடி தள்ளி நிற்பவரைக் கேட்டால் ‘இவ்வளவுதானா?’ என்பார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு அடைத்த உருளை உள்ள வகையில் ‘டொய்ங்’ என்ற அந்த அதிர்வு இராது. ஒரே அடியாக ‘தக்’ என்று முடிந்துவிடும். ஆயினும் இவற்றைப் பெரும்பாலும் உச்சத் திறனுக்கென்றே செய்து விற்பதால், திறன் குறைந்த ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பிசிபி எனப்படும், முன்கூட்டியே சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்துவைக்கும் வகையில் அதிர்வும் உதைப்பும் ஏறக்குறைய இல்லை. ஆனால் குழல் முனை திறந்திருந்தால் எல்லா வகைகளிலும் அதிகம் அலறுவது இதுதான். குழலைச் சுற்றி முழு நீளத்துக்கும் உறை போட்டு, உள்ளே காற்று விரிவதற்கு இடம்விட்டுத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டதாக இருந்தால், அதே பிசிபி எல்லாவற்றையும்விட அடங்கிப் பேசும். இதில் கடைக்காரர் சொல்லாத ஒரு செலவு உண்டு. கைப்பம்பால் காற்று ஏற்றினால் உடம்பு வியர்க்கும். சிறிய கம்ப்ரஸர் வாங்கினால் அது போடும் இரைச்சலில், சத்தமில்லாத துப்பாக்கி வாங்கியதன் பயன் தெருவுக்கே தெரியாமல் போய்விடும்.

ஒற்றை இழுப்பில் காற்றை அழுத்திச் சேமித்துக்கொள்ளும் வகை, உதைப்பும் ஸ்பிரிங் ஒலியும் இல்லாமல் குறைந்த திறனில் இயங்குவதால், கொல்லைக்கு ஏறத்தாழ அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். பழைய போட்டித் துப்பாக்கிகள் சில இந்த வகையைச் சேர்ந்தவை. நல்ல நிலையில் ஒன்று கைமாற வந்தால் காற்றுக் கசிவைச் சோதித்துவிட்டு யோசிக்காமல் வாங்கலாம். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்குபவை வெயில் ஏறினால் வேகமாகவும், குளிர்ந்தால் மெதுவாகவும் சுடுவதால் குறி பழகுவதற்கு ஏற்றவையல்ல.

கடையில் சோதிக்கும்போது ரவையில்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். பிஸ்டன் வெறுமனே போய் இடிக்கும், சீல் கெடும். நீங்களே சுட்டுக் கேட்பதும் பயன்படாது. உடன் வந்தவரைச் சுடச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரு சுவருக்கு அப்பால், பதினைந்து மீட்டர் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். அதுதான் அடுத்த வீட்டின் காது. கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலிகள் இத்தனை குறுகிய நேர ஒலியின் உச்சத்தைப் பிடிப்பதில்லை. அந்த எண்களை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

இனி, ரவை மோதும் இடம். நான் முதலில் குறியட்டையை ஒரு காலி பிஸ்கட் டின்னின் மேல் ஒட்டிச் சுட்டேன். துப்பாக்கி ‘தப்’ என்றது. டின் ‘டங்’ என்று அலறியது. மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு அத்தை மதில்மேல் தலையை நீட்டி, “தம்பி, மத்தியானமெல்லாம் என்னத்தப்பா தட்டிக்கிட்டே இருக்க?” என்று கேட்டார்கள். அதன் பிறகு செய்த ஏற்பாடு இது: ஒன்றரை அடி ஆழமுள்ள மரப்பெட்டி, பின்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அதற்கு முன்னால் பழைய வேட்டி, கிழிந்த போர்வை, கோணிச்சாக்குத் துண்டுகள் ஆகியவற்றை இறுக்கி அடைத்த அடுக்கு, முகப்பில் குறியட்டை. ரவை துணிக்குள் புதைந்து ‘புஸ்’ என்று அடங்கிவிடுகிறது. இருநூறு, முந்நூறு சூட்டுக்கு ஒருமுறை துணியைக் கலைத்து மீண்டும் அடைக்க வேண்டும். நடுவில் குகைபோலக் குழி விழுந்துவிட்டால் ரவை நேரே தகட்டில் போய் மோதும். ஈயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். பின்னால் ஆளுயரத்துக்கு மேற்பட்ட செங்கல் மதில் இருக்க வேண்டும். தென்னங்கீற்று வேலியும் ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பும் போதா, ஏனெனில் தப்பிய ரவை முந்நூறு மீட்டர்வரைகூடப் போகக்கூடியது. சுடும் வழியில் துவைக்கும் கல்லோ கிணற்றுச் சுவரோ இருந்தால் ரவை தெறிக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. கொல்லைக் கதவு வெளியிலிருந்து திறக்க முடியாதபடி தாழிட்டிருக்க வேண்டும். வசதியிருந்தால் பின்கட்டு அறைக்குள் உட்கார்ந்து, குழல் முனை கதவு நிலைக்கு உள்ளேயே இருக்கும்படி வைத்துக்கொண்டு வெளியே பெட்டியை நோக்கிச் சுடலாம். அறையில் ஒரு ஜமக்காளமும் கனத்த திரையும் தொங்கினால் முனையின் ஒலியில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். உங்கள் காதுக்கு மட்டும் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய புதிதில் ஸ்பிரிங் துப்பாக்கி எதிர்பார்த்ததைவிட உரக்கச் சுட்டு, முனையில் மெல்லிய புகையும் காட்டினால் பயந்து திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய், காற்று அழுந்தும் வெப்பத்தில் எரிவதால் வருவது அது. ஒரு டப்பா ரவை தீர்வதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். துரு பிடிக்கக் கூடாதென்று தையல் மெஷின் எண்ணெயைக் காற்றுத் துவாரத்தில் ஊற்றினால் மட்டும் அந்த வெடிப்பு மறுபடியும் தொடங்கும்.