களஞ்சியத்தில் கட்டுரை ஏற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

“கட்டுரையைத்தான் ரிசர்ச்கேட்டில் போட்டுவிட்டேனே, அப்புறம் களஞ்சியம் எதற்கு?” என்று ஆய்வு மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். ரிசர்ச்கேட் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் சமூக வலைத்தளம். 2017இல் இதழ்களை வெளியிடும் எல்சவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் கழகமும் ஜெர்மனியில் அதன்மீது பதிப்புரிமை வழக்குப் போட்டன. பல கட்டுரைகள் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டன. களஞ்சியம் அப்படியல்ல, ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ பொறுப்பேற்று, ஆய்வுக் கட்டுரைகளுக்கு இணையத்தில் நிரந்தர முகவரி கொடுத்துக் காப்பது. 1991இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற களஞ்சியத்தில் அன்று ஏறிய இயற்பியல் கட்டுரைகளை இன்றும் எடுத்துப் படிக்கலாம். இப்போது களஞ்சியங்களைத் தொகுத்துக் காட்டும் ஓப்பன்டோர் தளத்தின் பட்டியலில் உலகெங்கும் 5,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் உள்ளன. உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லையென்றால் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ களஞ்சியத்தில் ஏற்றுங்கள், காசு கிடையாது.

சரி, எந்தக் கோப்பை ஏற்றுவது? அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். இதழின் முத்திரையும் பக்க எண்ணும் போட்டு வந்த பிடிஎஃப் அழகாக இருக்கிறது என்று அதையே ஏற்றிவிடுகிறார்கள். அந்த வடிவத்தின் உரிமை பெரும்பாலும் பதிப்பகத்திடம் போயிருக்கும். பல பதிப்பகங்கள் அனுமதிப்பது, மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து நீங்கள் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பைத்தான். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் அது பழைய மடிக்கணினியோடு போயிருக்கும். கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை, முன்பு ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் இருந்த ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் பார்க்கலாம். இத்தனை மாதம் பொதுவில் திறக்கக் கூடாது என்று பதிப்பகம் விதிக்கும் தடைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே ஏற்றித் தேதி குறித்தால், அன்று கோப்பு தானாகத் திறக்கும் வசதி பல களஞ்சியங்களில் உண்டு.

தமிழில் ஆய்வேடு எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதியிலிருந்து இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு திரையில் நன்றாகவே தெரியும். ‘அம்மா’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும். ஐந்து வருட உழைப்பு எல்லோருக்கும் திறந்து கிடந்தும் யார் தேடலிலும் சிக்காது. ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு வரியை இப்படி ஒட்டிப் பாருங்கள். எல்லாக் கணினிக்கும் தேடுபொறிக்கும் புரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. பக்கங்களை ஸ்கேன் செய்து வெறும் படமாகப் போடுவதும் இதே கதைதான்.

பெயரை ஒரு கட்டுரையில் முன்னெழுத்தோடும் அடுத்ததில் அப்பா பெயரை விரித்தும் எழுதினால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள்; ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் வாங்கி எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். கோப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அது இல்லாவிட்டால் படிக்கலாம், ஆனால் உங்கள் வரைபடத்தைப் பாடநூலில் எடுத்துப் போட ஒருவருக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியாது. அப்புறம், ஸெனோடோவில் வெளியிட்ட கோப்பை நினைத்தபோது மாற்ற முடியாது. திருத்தம் இருந்தால் பொதுவாகப் புதிய பதிப்பாகத்தான் ஏற்ற வேண்டும். அதனால் வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் முதல் பக்கத்தில் வழிகாட்டியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.