பாத்திரம் மாற்றுவதா, மறுபடி சமைப்பதா? எஃப்எஃப்எம்பெக் கொண்டு ஒலி, காணொளிக் கோப்புகளைக் கையாளும் முறை

கைப்பேசியில் பதிவுசெய்த இரண்டு மணி நேரச் சொற்பொழிவிலிருந்து ஒலியை மட்டும் தனியே எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் ஏதாவதோர் இணையதளத்தைத் தேடிப்பிடித்து, பெரிய கோப்பு பதிவேறும்வரை காத்திருந்து, இறுதியில் அளவு வரம்பைக் காரணம் காட்டி அத்தளம் மறுப்பதைப் பார்த்துச் சலித்துப்போகிறார்கள். அதே வேலையை, கோப்பு நம் கணினியைவிட்டு வெளியே போகாமலேயே, முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஒரே ஒரு வரியால் முடித்துவிடலாம். அதற்கான கருவி எஃப்எஃப்எம்பெக். பிரான்சைச் சேர்ந்த நிரலாளர் ஃபாப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. காணொளிகளை ஓட்டும் விஎல்சி இயக்கி உட்படப் பல மென்பொருள்கள் இதன் நிரலகங்களைத்தான் உள்ளுக்குள் பயன்படுத்துகின்றன.

இக்கட்டுரையில் கட்டளைகளைத் தொலைபேசியில் வாசித்துக்காட்டுவது போலத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். சிறு கோடு, புள்ளி, முக்காற்புள்ளி, எண்கள் ஆகியவற்றை உள்ளபடியே இடவேண்டும். கோப்பின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் மட்டும் முழுப் பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும்.

நிறுவுதல்

உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் கணினிகளில் இந்த ஒரு வரி போதும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எஃப்எஃப்எம்பெக்

மேக் கணினியில் ஹோம்ப்ரூ வழியாகவும், விண்டோஸில் விங்கெட் வழியாகவும் நிறுவலாம்; இவ்விரண்டும் முனையத்திலிருந்தே மென்பொருள்களை நிறுவித்தரும் கருவிகள். விண்டோஸில் நிறுவிய பிறகு முனையச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்; இல்லையெனில் கட்டளையைக் காணவில்லை என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும்.

முதலில் உள்ளே இருப்பதைப் பாருங்கள்

எம்பி4 என்பது ஒரு பாத்திரத்தின் பெயரே தவிர, அதற்குள் இருக்கும் பண்டத்தின் பெயர் அன்று. தூக்குச்சட்டியில் சாம்பாரும் இருக்கலாம், ரசமும் இருக்கலாம். அதுபோல எம்பி4 கோப்புக்குள் காட்சி ஓர் ஓடையாகவும் ஒலி இன்னோர் ஓடையாகவும் இருக்கின்றன. ஒவ்வோர் ஓடையும் ஒரு குறிமுறையால், அதாவது கோடெக்கால், சுருக்கப்பட்டிருக்கிறது. எது எதனால் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதை எஃப்எஃப்எம்பெக்குடன் சேர்ந்தே வரும் இன்னொரு கருவி காட்டும்:

எஃப்எஃப்ப்ரோப் பேச்சு.எம்பி4

தொடக்கத்தில் வரும் பதிப்பு விவரங்களைப் பொருட்படுத்த வேண்டாம். ‘ஸ்ட்ரீம்’ என்று தொடங்கும் வரிகளே நமக்குத் தேவையானவை. கைப்பேசிப் பதிவுகளில் காட்சி பெரும்பாலும் ஹெச்264 அல்லது ஹெச்இவிசி குறிமுறையிலும், ஒலி ஏஏசி குறிமுறையிலும் இருக்கும்.

சமைக்காமல் ஒலியை எடுத்தல்

எஃப்எஃப்எம்பெக் -ஐ பேச்சு.எம்பி4 -விஎன் -சி:ஏ காப்பி பேச்சு.எம்4ஏ

‘-ஐ’ என்பதற்கு அடுத்து வருவது உள்ளீட்டுக் கோப்பு. ‘-விஎன்’ என்பது காட்சி வேண்டாம் என்கிறது. ‘-சி:ஏ காப்பி’ என்பதோ ஒலியை மறுபடி சுருக்காமல், இருப்பதை உள்ளபடியே எடுத்து வேறு பாத்திரத்தில் ஊற்றச் சொல்கிறது. ஆகவே இரண்டு மணி நேரப் பதிவும் சில நொடிகளில் முடிந்துவிடும். தரத்தில் எள்ளளவும் குறையாது. ஒலி ஏஏசி ஆக இருந்தால்தான் எம்4ஏ பாத்திரம் இப்படி ஒத்துவரும் என்பதால்தான் முன்னரே பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

எம்பி3 ஆக்குதல்

பழைய கருவி ஒன்றுக்கு எம்பி3தான் வேண்டும் என்றால் மறுபடி சமைப்பதைத் தவிர வழியில்லை.

எஃப்எஃப்எம்பெக் -ஐ பேச்சு.எம்4ஏ -ஏசி 1 -பி:ஏ 64கே பேச்சு.எம்பி3

‘-ஏசி 1’ ஒலியை ஒற்றைத் தடமாக்குகிறது. ‘-பி:ஏ 64கே’ நொடிக்கு 64 கிலோபிட் என்று வரையறுக்கிறது. அதாவது நொடிக்கு 8 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 மெகாபைட். ஒருவர் பேசும் பேச்சுக்கு இது போதும். இசைக்கு இரு தடங்களை வைத்துக்கொண்டு 192 அளவுக்குப் போகலாம். தொடக்கக் காலத்தில் நான் 128இல் இருந்த எம்பி3 கோப்புகளை 320க்கு ‘உயர்த்தி’ வைத்திருந்தேன். வட்டில் இடம் நிறைந்ததுதான் மிச்சம். சுருக்கும்போது கழித்துவிட்ட ஒலி விவரம் திரும்ப வராது. ஒவ்வொரு மறுசுருக்கமும் இன்னும் கொஞ்சத்தைக் கழிக்கவே செய்யும்.

நடுவிலிருந்து ஒரு பகுதியை வெட்டுதல்

எஃப்எஃப்எம்பெக் -எஸ்எஸ் 00:12:30 -டிஓ 00:45:00 -ஐ பேச்சு.எம்பி4 -சி காப்பி பகுதி.எம்பி4

இங்கே வரிசை முக்கியம். தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் உள்ளீட்டுக் கோப்புக்கு முன்பே தரவேண்டும். தொடக்கத்தை முன்னும் முடிவைப் பின்னும் வைத்தால், நேரக் கணக்கு வெட்டிய இடத்திலிருந்து சுழியில் தொடங்கிவிடுவதால், 45ஆம் நிமிடத்தில் முடியவேண்டிய துண்டு 45 நிமிட நீளத்துக்கு வந்து நிற்கும்.

வெட்டிய துண்டு நீங்கள் சொன்ன நொடிக்குச் சற்று முன்பே தொடங்கினாலோ, சில இயக்கிகளில் காட்சி முதலில் உறைந்து நின்றாலோ, கருவி பழுது என்று எண்ண வேண்டாம். சுருக்கப்பட்ட காணொளியில் எல்லாச் சட்டகங்களும் முழுப் படங்கள் அல்ல. இடையிடையே ஒரு முழுப் படமும், மற்றவற்றில் முந்தைய அல்லது பிந்தைய படங்களோடு ஒப்பிட்ட வேறுபாடுகளும் மட்டுமே பதிவாகின்றன. அப்படியே நகலெடுக்கும்போது முழுப் படம் உள்ள இடத்திலிருந்துதான் தொடங்க முடியும். நொடி பிசகாமல் வெட்டியே ஆகவேண்டும் என்றால் ‘-சி காப்பி’ என்பதை நீக்கிவிட்டு, மறுபடி சுருக்குவதற்கான நேரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காணொளியின் அளவைக் குறைத்தல்

எஃப்எஃப்எம்பெக் -ஐ பேச்சு.எம்பி4 -விஎஃப் ஸ்கேல்=-2:720 -சிஆர்எஃப் 26 -சி:ஏ காப்பி சிறியது.எம்பி4

உயரம் 720 புள்ளிகளாகும். ‘-2’ என்பது அதற்கேற்ற அகலத்தை இரட்டைப்படை எண்ணாகக் கணக்கிட்டுக்கொள்ளச் சொல்கிறது. ‘-சிஆர்எஃப்’ தரத்தின் அளவுகோல்: எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். காட்சியை ஹெச்264 குறிமுறையில் சுருக்கும் எக்ஸ்264 குறியாக்கியில் இயல்பான மதிப்பு 23. ஆறு கூட்டினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். ஒருவர் நின்று பேசும் காட்சிக்கு 26 தாராளம். முழுக் கோப்பையும் ஓட்டுவதற்கு முன், உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் ‘-டி 30’ என்று சேர்த்து முதல் 30 நொடிகளை மட்டும் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடையில் நிறுத்த ‘க்யூ’ விசையை அழுத்தினால் போதும். வெளியீட்டின் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அதன்மேல் எழுதலாமா என்று கருவி கேட்கும். யோசிக்காமல் ‘ஒய்’ அழுத்திவிட வேண்டாம். புதிய கோப்பையும் எஃப்எஃப்ப்ரோப்பில் கொடுத்து, கால அளவு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சில நொடிகள் ஓட்டிக் கேட்ட பிறகே மூலக் கோப்பை அழியுங்கள்.